சென்னைக்கு வருபவர் எங்கே தங்குவது?

வெளியூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் உறவினரோ நண்பரோ தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “நல்ல லாட்ஜா ஒண்ணு சொல்லுங்களேன்.” பதிலுக்கு நான் கேட்பதும் ஒன்றுதான்: “என்ன வேலையா வர்றீங்க, காலையில எத்தனை மணிக்கு எங்க இருக்கணும்?” இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தங்க வேண்டிய பேட்டை முடிவாகிவிடும். பேட்டை முடிவானால் லாட்ஜைத் தேடுவது அரை மணி நேர வேலை. மாற்றிச் செய்பவர்கள், அதாவது முதலில் அறையைப் பிடித்துவிட்டுப் பிறகு வேலையை யோசிப்பவர்கள், வந்த வேலையின் பாதியை அண்ணா சாலை சிக்னல்களில் தொலைக்கிறார்கள்.

சென்னைக்கு வருபவர்களில் மெரினாவையும் வண்டலூரையும் பார்க்க வருபவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் காரியமாக வருகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கு, மருத்துவமனையில் ஸ்கேன், விசா நேர்காணல், போட்டித் தேர்வு, கல்யாணத்துக்கு ஜவுளி, சில நேரம் ஒரு சாவு. இவர்களுக்கு நீச்சல் குளமும் காலை பஃபேயும் தேவையில்லை. குளிக்க வெந்நீர், பூட்டிவிட்டுப் போகத் தாழ்ப்பாள், போக வேண்டிய இடத்துக்கு ஒரே பேருந்து அல்லது ஒரே ரயில், அவ்வளவுதான். கைபேசிச் செயலிகள் விரிப்பின் வெண்மையைக் காட்டும். எத்தனை நட்சத்திரம் என்று சொல்லும். ‘சென்ட்ரலிலிருந்து 6 கிலோமீட்டர்’ என்றும் போட்டிருக்கும். சென்ட்ரலில் உங்களுக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்காது.

இதில் தங்குபவர் யோசிக்க வேண்டியதும் உண்டு, நகரத்தை நடத்துபவர்கள் யோசிக்க வேண்டியதும் உண்டு. இரண்டாவதைப் பற்றி நாம் அநேகமாகப் பேசுவதே இல்லை.

இடம் மாறிய வாசல்

எந்த ஊரிலும் லாட்ஜுகள் ஊரின் வாசலில்தான் முளைக்கும். சென்னைக்கு ரயில் வாசல்கள் இரண்டு. 1908-ல் கட்டி முடிக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தில் தென்மாவட்டக்காரர்கள் இறங்கினார்கள். சென்ட்ரலில் கோவை, சேலம் பக்கத்தவரும் வடக்கத்தியரும். எழும்பூர் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலும் கென்னட் சந்திலும் வரிசையாக லாட்ஜுகள் வந்ததற்கு இதுவே காரணம். புத்த கயைக்குப் போகும் இலங்கைப் பயணிகள் வழியில் தங்கும் மகாபோதி சங்கமும் அதே கென்னட் சந்தில்தான் இருக்கிறது. சென்ட்ரலுக்கு அருகே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம். பேருந்துகள் பாரிமுனையில் நின்ற காலத்தில் மண்ணடி, பிராட்வே தெருக்களில் லாட்ஜுகள் பெருகின. உயர் நீதிமன்றமும் பக்கத்திலேயே இருந்ததால் அவற்றுக்கு வருடம் முழுவதும் ஆள் இருந்தது.

2002 நவம்பரில் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குப் போனது. சில ஆண்டுகளுக்குள் அரும்பாக்கம், வடபழனி, நூறடிச் சாலை நெடுகவும் தங்கும் விடுதிகள் எழுந்தன. 2015-ல் மெட்ரோ முதன்முதலில் ஓடியது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குத்தான். இரவுப் பேருந்தில் வந்து, விடியலில் கோயம்பேட்டில் இறங்கி, நடந்தே ஓர் அறைக்குப் போய்க் குளித்து, மெட்ரோ ஏறி வேலைக்குப் போகும் வசதி ஒரு வழியாக அமைந்தது. அது நிலைப்பதற்குள் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகளுக்கு ஊரின் வாசல் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது.

மாற்றியதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் கோயம்பேட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை பேருந்துகள் ஊர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் தெரியும். பேருந்தை மட்டும் மாற்றினோம். பேருந்தில் வருபவர் அன்று காலை எங்கே முகம் கழுவுவார், எங்கே பையை வைப்பார் என்பதைத் திட்டத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை என்பதே என் குறை. கோயம்பேட்டில் லாட்ஜுகள் இருக்கின்றன, தென்மாவட்டப் பேருந்து இல்லை. கிளாம்பாக்கத்தில் பேருந்து இருக்கிறது, சுற்றிலும் எளியவர் எடுக்கக்கூடிய அறைகள் அதற்கு ஈடாக இல்லை.

பழக்கம் இன்னும் மாறவில்லை. அப்பா எழும்பூரில் தங்கினார், அதனால் மகனும் எழும்பூரில் அறை போடுகிறார். அதிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்தில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர், அறையில் குளியல், பிறகு கிண்டியில் இருக்கும் வேலைக்காக வந்த வழியே திரும்புதல். பாதி ஊரை இருமுறை கடந்த பிறகுதான் அவருடைய நாள் தொடங்குகிறது. ரயிலில் வருபவர்களும் இதையே செய்கிறார்கள். தென்மாவட்ட ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். வேலை தெற்குச் சென்னையில் என்றால் அங்கேயே இறங்கிவிடலாம். டிக்கெட்டில் எழும்பூர் என்று இருப்பதாலேயே கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

தெற்கிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு என் யோசனை இது. வேலை தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் என்றால் தாம்பரத்தைத் தாண்டவே வேண்டாம். ஊருக்குள் பல இடங்களுக்குப் போக வேண்டும் என்றால் கிண்டி, சைதாப்பேட்டை, ஆலந்தூர் வட்டாரத்தில் அறை எடுங்கள். கிண்டியில் மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஆலந்தூரில் மெட்ரோவின் இரண்டு வழித்தடங்களும் சந்திக்கின்றன. அங்கிருந்து விமான நிலையம், உயர் நீதிமன்றம், கோயம்பேடு, எழும்பூர் எதற்கும் சாலையில் இறங்காமலே போகலாம். மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கிடைக்கும் சுமாரான அறை, உள்ளே தள்ளி எங்கோ கிடைக்கும் நல்ல அறையைவிட மேல். சென்னையைப் பொறுத்தவரை இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கிரீம்ஸ் சாலைச் சந்துகள் சொல்வது

வேலையைச் சுற்றித் தங்கும் இடம் எப்படி அமைய வேண்டும் என்பதற்குச் சென்னையில் ஒரு பாடம் இருக்கிறது. யாரும் திட்டம் போட்டு உருவாக்கியதில்லை. ஆயிரம் விளக்குப் பக்கம் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் ஒரு முறை நடந்து பாருங்கள். 1983-ல் அப்பல்லோ மருத்துவமனை அங்கே வந்தது. 1978-ல் தொடங்கப்பட்ட சங்கர நேத்ராலயா பக்கத்திலேயே நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்தது. மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எனப் பல திசைகளிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு நாள் அறை அல்ல. பரிசோதனை, முடிவு வரக் காத்திருப்பு, அறுவை சிகிச்சை, மறுபடி காட்டுதல் என்று வாரக்கணக்கில் இருந்தாக வேண்டும். ஹோட்டலில் வாரக்கணக்கில் இருக்கப் பணமும் இல்லை, மூன்று வேளையும் சாம்பார் சாப்பிட நாக்கும் இடம் கொடுக்காது.

அந்தத் தேவையைச் சந்துகளின் வீட்டுக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். மாடி வீடுகள் அறைகளாகின. அறையின் மூலையில் ஒரு மேடை, அதில் கேஸ் அடுப்பு, நான்கு பாத்திரம். நாள் வாடகை போக, வாரத்துக்கு ஒரு தொகை, மாதத்துக்கு ஒரு தொகை. வாசலில் வங்காள எழுத்தில் பலகை. பக்கத்தில் கடுகெண்ணெய் விற்கும் மளிகைக் கடை, ஆற்று மீன் கிடைக்கும் இடம், மீன் குழம்பும் சோறும் போடும் வங்காளச் சாப்பாட்டுக் கடை, பணம் மாற்றித் தருபவர், சிம் கார்டு விற்பவர். தமிழ் பேசத் தெரியாத அம்மா ஒருவர், வங்காளம் பேசத் தெரியாத காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டியே அரைக் கிலோ பரங்கிக்காய் வாங்கிப் போவதை அங்கே பார்க்கலாம். மருந்து வாசனை போகாத கையோடு வந்து, தன் வீட்டு ருசியில் சமைத்து, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் நோயாளியின் கட்டிலுக்குப் போய்விட முடிகிறது. வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியும் இதே அமைப்பைக் காணலாம். அங்கே இதற்கு வயது இன்னும் அதிகம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு. மூன்று மாடி ஏறியாக வேண்டும், லிஃப்ட் இருக்காது. தையல் பிரிக்காத வயிற்றோடு அந்தப் படிகளில் ஏறியவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. தீ பிடித்தால் வெளியேற ஒரே படிக்கட்டு. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறிய பிறகு அந்நாட்டவருக்கு விசா கொடுப்பது வெகுவாகக் குறைக்கப்பட்டதால் இங்கே வருகையும் குறைந்தது. ஓர் அரசியல் மாற்றம் ஒரு சந்தின் அடுப்புகளை எப்படி அணைக்கும் என்பதை அங்கே கடை வைத்திருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். ஆனாலும், வருபவர் எதற்கு வருகிறார் என்று பார்த்து அதற்கேற்ப அறையை வடிவமைத்த இடம் இந்த மாநகரத்தில் இது ஒன்றுதான். செய்தது அரசு அல்ல, சந்தில் குடியிருந்தவர்கள்.

மருத்துவத்துக்காக வருபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. மருத்துவமனையிலிருந்து நடக்கும் தூரம் என்பது முதல் நிபந்தனை. நோயாளியையும் சேர்த்துத் தங்கவைப்பதானால் தரைத்தளம் அல்லது லிஃப்ட் இரண்டாவது. சமையல் மேடை மூன்றாவது. கழிவறை மேற்கத்திய முறையா என்று முன்பதிவுக்கு முன்னே கேட்டுவிடுங்கள். முழங்கால் அறுவை செய்தவரை அழைத்துவந்த பிறகு தெரிந்து பயனில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வருபவர்கள் சிகிச்சை நீளும் என்பதால் மாத வாடகைக்கே முதலில் முயல்வது நல்லது. கதிர்வீச்சு சிகிச்சை நாள்தோறும் சில நிமிட வேலை. தங்கும் இடம் தூரமானால் அந்தச் சில நிமிடத்துக்காக நோயாளி மணிக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பேட்டைக்குப் பேட்டை

நீதிமன்ற வேலைக்கு மண்ணடி, பாரிமுனைதான் இன்றும் வசதி. உயர் நீதிமன்றம், மண்ணடி இரண்டுக்கும் மெட்ரோ நிலையங்கள் உண்டு. 2004-ல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கியதிலிருந்து தென்மாவட்ட வழக்காடிகளின் சென்னைப் பயணம் பெருமளவு மிச்சமானது. சென்னையின் தங்கும் நெருக்கடிக்குச் செய்யப்பட்ட ஆகச் சிறந்த பரிகாரம் அதுவே என்பேன். ஓர் அலுவலகத்தைக் கிளை பிரித்தால் ஆயிரக்கணக்கான லாட்ஜ் இரவுகள் தேவையில்லாமல் போகின்றன.

தலைமைச் செயலகத்துக்கு மனுவோடு வருபவர்கள் திருவல்லிக்கேணியையும் சேப்பாக்கத்தையும் நாடுவார்கள். தொகுதிக்காரர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் ஒரு மூலை கிடைத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஒரு காலத்தில் வேலை தேடி வந்த பிரம்மச்சாரிகளுக்கானவை. சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர வந்தவர்கள், வங்கித் தேர்வுக்குப் படித்தவர்கள், பத்திரிகைக்காரர்கள் எனப் பல தலைமுறைகள் அந்தச் சிறிய அறைகளில் வாழ்ந்திருக்கின்றன. இப்போது பல மேன்ஷன்கள் நாள் வாடகைக்கும் தருகின்றன. தனியாக வரும் ஆணுக்குச் சிக்கனமான இடம். கிரிக்கெட் போட்டி நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அமெரிக்க விசா நேர்காணலுக்கு வருபவர்கள் ஆயிரம் விளக்கு, நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை மூன்றில் ஒன்றில் தங்கலாம். அண்ணா மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் துணைத் தூதரகத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. நடந்து போகும் தூரத்தில் அறை இருந்தால் பையையும் கைபேசியையும் அறையிலேயே விட்டுவிட்டு, தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு பதற்றமில்லாமல் போகலாம். தூரத்தில் தங்கியவர்கள் காலையில் பையை யாரிடம் கொடுப்பது என்று பெட்டிக்கடை பெட்டிக்கடையாக அலைகிறார்கள்.

ஜவுளிக்கு தி.நகர்தான், ஆனால் அறையும் தி.நகரில்தான் என்று இல்லை. தண்டவாளத்துக்கு மறுபக்கம் மேற்கு மாம்பலத்தில் தங்கினால் சத்தமும் குறைவு, சாப்பாடும் வீட்டுச் சாப்பாடு போலக் கிடைக்கும். 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ரங்கநாதன் தெருவின் நெரிசலில் மாட்டாமலே பட்டுப் புடவைக் கடைக்குப் போய்வரலாம். கருமாதி, திதி கொடுக்க வருபவர்களும் மேற்கு மாம்பலத்தையே நாடுவது நெடுநாள் வழக்கம். சாஸ்திரிகளும் சமையல்காரரும் தங்கும் அறையும் ஒரே தெருவில் அமைந்துவிடும். மார்கழிக் கச்சேரிக்கு வருபவர்களுக்கு மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை. ஆனால் அந்த மாதத்து அறைகளை வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வெகு முன்பே பிடித்துவிடுவார்கள். கிடைக்காதவர்கள் மந்தைவெளியைப் பார்க்கலாம். பறக்கும் ரயிலில் அடுத்த நிலையம்தான்.

ராஜீவ் காந்தி சாலையில் வேலை இருப்பவர்கள் அந்தச் சாலையிலேயே தங்குவது உத்தமம். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி முடியும்வரை அங்கே போய்வரும் நேரத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மழை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை அறை போடுபவர்கள் வாடகைக்கு முன் தரைமட்டத்தைப் பார்க்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் ஆகியவை 2015 டிசம்பரில் என்ன ஆயின, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் என்ன ஆயின என்பது தெரிந்ததே. 2015 வெள்ளத்தில் சென்னைக்காரர்களே சொந்த ஊரில் லாட்ஜ் தேடி அலைந்தார்கள். அன்றைக்கு உள்ளூர் முகவரி ஆதாரோடு போய் நின்றவர்களை ‘லோக்கல் ஐடிக்கு ரூம் இல்லை’ என்ற வழக்கமான விதி எந்த அளவுக்குப் படுத்தியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வரவேற்பு மேஜையில்

பேட்டை முடிவான பிறகு அறை. இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல, நேரக் கணக்கு. சென்னையின் பழைய லாட்ஜுகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். செயலிகளில் வரும் ஹோட்டல்களில் பகல் 12 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 மணிக்கு வெளியே. இரவுப் பேருந்திலும் ரயிலிலும் விடியலில் வந்து சேரும் தமிழ்நாட்டுப் பயணிக்கு இரண்டாவது கணக்கு ஒத்தே வராது. காலை 5 மணிக்கு வந்தவர் வரவேற்பு சோபாவில் 12 மணி வரை உட்கார வேண்டும், அல்லது முந்தைய நாளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். எனவே செயலியில் பார்த்தாலும், நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து ‘24 மணி நேர செக்-இன்னா?’ என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ரயில் டிக்கெட் கையில் இருப்பவர்களுக்கு எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில்வேயின் ஓய்வறைகள் உண்டு. முன்பதிவு செய்துகொள்ளலாம், வாடகையும் நியாயமானது. குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டும் என்றால் அதைவிட நல்லது கிடையாது.

இரண்டாவது கேள்வி, வரி. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்ற நிலை 2022 ஜூலையில் முடிந்தது. 12 விழுக்காடு விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 விழுக்காடு. குறைத்தது நல்லதே. ஆனால் 700 ரூபாய் அறையில் தங்கும் நோயாளியின் மகனும் 7,000 ரூபாய் அறையில் தங்கும் நிறுவன அதிகாரியும் ஒரே விகிதத்தில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 2022-க்கு முன்பிருந்த விலக்கை எளிய அறைகளுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுவரை, வரி என்று வாங்கினால் ஜிஎஸ்டி எண் போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள்.

அறையை முன்பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து பாருங்கள். குழாயைத் திருகிப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். பார்க்கவிடாத இடத்தில் தங்க வேண்டாம்.

பெண் தனியாகப் போய் அறை கேட்டால் நம் ஊரில் இன்னும் நடப்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து நேர்காணலுக்காக வந்தவர், முன்பதிவு செய்த லாட்ஜில் போய் நின்றபோது, ‘கூட யாரும் வரலையாம்மா? ஃபேமிலிக்கு மட்டும்தான் குடுக்குறது’ என்று திருப்பி அனுப்பப்பட்டார். இரவு 9 மணி. கல்வியிலும் வேலையிலும் பெண்கள் முன்னே நிற்கும் மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்கு இது பொருந்துகிறதா? திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவது சட்டப்படி குற்றமாகாது என்று 2019-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, தனியாக வரும் பெண்ணுக்கு அறை மறுக்க எந்தச் சட்டத்தைக் காட்டுவார்கள்? இலங்கைத் தமிழர்களுக்கும் இதே போன்ற அனுபவம் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு படிவத்தை நிரப்பச் சோம்பியே பல சிறிய லாட்ஜுகள் கடவுச்சீட்டைப் பார்த்ததும் கையை விரிக்கின்றன. எழும்பூரில் மட்டும் அவர்கள் எளிதாக அறை பெறுவதற்குக் காரணம், அங்கே அந்தப் படிவம் பழகிப்போனதுதான்.

சத்திரம் கட்டிய ஊர்

வந்தவருக்கு இடம் தருவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1782 பஞ்சத்தில் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் வட சென்னையில் எழுந்தது. அந்தக் கஞ்சித்தொட்டியின் தொடர்ச்சியாகவே ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. அதாவது, தங்குமிடமும் வைத்தியமும் ஒரே அறத்தின் இரண்டு கைகளாக இருந்தன. இன்று சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். உள்ளே சிகிச்சை இலவசம். உடன் வந்தவர் வராந்தாவிலும் மரத்தடியிலும் பாய் விரிக்கிறார். காலையில் கட்டணக் கழிப்பறை, ஈரத் துணியைக் கம்பியில் காயப்போட்டுக் காவல் இருத்தல், பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குதல். மாநகராட்சி சில அரசு மருத்துவமனைகளில் உடனிருப்போருக்கான காப்பகங்களை நடத்துகிறது. தேவையோடு ஒப்பிட்டால் அவை மிகக் குறைவு. ஒவ்வொரு அரசு மருத்துவமனை வளாகத்திலும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவற்றின் வரைபடத்தில் வாகன நிறுத்தத்துக்கு ஒரு தளம் ஒதுக்கும்போது உடனிருப்பவருக்கு ஒரு தளம் ஒதுக்க முடியாதா? நாள் ஒன்றுக்கு ஒரு சிறிய தொகை வாங்கிக்கொள்ளட்டும். படுக்கை, பெட்டகம், குளியலறை, சமைத்துக்கொள்ள ஒரு பொது மேடை. கிரீம்ஸ் சாலை வீட்டுக்காரர்கள் செய்ததை அரசு செய்வதற்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

கிளாம்பாக்கத்தைப் பொறுத்தவரை, அங்கிருந்து தாம்பரம் வரையிலான ஜிஎஸ்டி சாலையில் நாள் வாடகை விடுதிகள் வரத்தான் போகின்றன. சந்தை அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் சந்தை முதலில் கட்டுவது வசதியுள்ளவர்களுக்கே என்பதை வடபழனியில் பார்த்துவிட்டோம். ஆகவே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் தாம்பரம் மாநகராட்சியும் இப்போதே இடம் ஒதுக்கி, மணிக்கணக்கில் எடுக்கக்கூடிய எளிய கூடங்களையும், பெண்களுக்கென்று தனியாக ஒரு விடுதியையும் முனையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கட்ட வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் நல்ல பெயர் எடுத்திருக்கின்றன. அதே நிர்வாகத்தின் கீழ், ஓர் இரவுக்கும் இரண்டு இரவுக்கும் வரும் பெண்களுக்கான பிரிவைப் பேருந்து, ரயில் முனையங்கள் அருகே தொடங்குவது அதிகச் செலவு பிடிக்கும் காரியமல்ல. லாட்ஜுகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: நேரக் கணக்கும் வாடகையும் வாசலில் தமிழில் எழுதியிருக்க வேண்டும், தனியாக வருபவர் பெண் என்பதற்காக அறை மறுக்கக் கூடாது, உள்ளூர் முகவரி என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் அந்தப் பலகையிலேயே இருக்கட்டும்.

கிளாம்பாக்கம் முனையம் திறந்தபோது மெட்ரோ நீட்டிப்பைப் பற்றிப் பேசினார்கள், ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசினார்கள், ஆம்னி பேருந்துகளைப் பற்றி நீதிமன்றம் வரை போய்ப் பேசினார்கள். பயணி தலை சாய்க்கும் இடத்தைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அடுத்து எந்த முனையம் எங்கே மாறினாலும், தங்குமிடத்துக்கான நிலத்தை முதல் வரைபடத்திலேயே குறித்துவிட்டுப் பிறகு பேருந்துகளை மாற்றட்டும்.